கடியப்பட்டணம் வண்டிக்குப் போட்ட பட்டை

பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பி வாங்குகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஷெட்டிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு எப்போதும் வராது. எழுதுவது அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

கண் மங்கிப்போனதால் ஐம்பது வயது ஆகும் முன்பே வேலையை விட்டுவிட்டேன். அதுவரை இருபது வருஷம் எனக்கு ஒரே வேலைதான். பட்டறைக்காரர் 'மாற்றிவிட்டேன்' என்று சொல்லும் சாமானை உண்மையாகவே மாற்றியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, 'வண்டி ஓடலாம்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையை நம்பி இருபது பேர் ஏறி உட்காருவார்கள். அவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. சேர்ந்த புதிதில் இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

எந்தச் சாமானை எப்படிக் கழற்றிப் பார்ப்பது என்பதையெல்லாம் ஷெட்டில் உங்களுக்குக் காட்டித் தருவார்கள். நான் எழுதப் போவது வேறு. எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துவிட்டு, பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்ட கதை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு பட்டறைக்காரர் ஸ்டியரிங் கம்பியை இணைக்கிற முட்டு ஒன்றைப் புதிதாகப் போட்டதாகச் சொல்லி வண்டியைத் தந்தார். அனுப்புவதற்கு முன்பே பழைய முட்டின் ஓரத்தில் அரத்தால் அரிசிமணி அளவுக்கு ஒரு வெட்டு வைத்திருந்தேன். வந்த வண்டியில் கறுப்புச் சாயத்துக்கு அடியில் என் வெட்டு அப்படியே இருந்தது. அந்த ஆளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கூச்சம்தான். வாயை மூடிக்கொண்டு வந்து முதலாளியிடம் சொன்னேன். முதலாளி அந்தப் பட்டறைக்கு வண்டி விடுவதை நிறுத்தினார். 'ஞானமுத்து கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது' என்று போகிற இடமெல்லாம் சொன்னார். வெளியே எனக்குக் கூச்சம் போகவில்லை. உள்ளே மட்டும் ஒரு கர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலாளிக்குத் தக்கலையில் ஷெட்டு. மூன்று பஸ். சபைக் கமிட்டியில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவருடைய வண்டிகள் ஓடா. மூன்றில் ஒன்று கடியப்பட்டணத்திலிருந்து மணவாளக்குறிச்சி, திங்கள்சந்தை வழியாகத் தக்கலைக்கு வரும். அது மீன்காரப் பெண்களின் வண்டி. உப்பிட்ட மீனைப் பனையோலைக் கடவங்களில் அடுக்கிக்கொண்டு வருவார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று மற்றவர்கள் முறையிட்டதால், வண்டியின் பின்புறம் இடது ஓரத்தில் பலகை அடித்து, கடவங்களை அங்கே மட்டும் ஏற்றுவது என்று வைத்திருந்தோம். கடவத்திலிருந்து வடிகிற மீன்தண்ணி நேரே இடது பின் சக்கரத்து ஸ்பிரிங்கில் விழும். ஸ்பிரிங் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற பெரிய பட்டைதான் தன் இரண்டு முனையிலும் வளையமாகச் சுருட்டிய கண்களால் வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று பஸ்ஸிலும் சேர்த்து அந்த ஒரு மூலைதான் சீக்கிரம் அரித்துப்போகும்.

ஒருநாள் அங்கே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த துரு உதட்டில் பட்டது. கரித்தது. அன்றைக்கே எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த மூலையிலிருந்த பழைய சாமான் எதுவானாலும் கரிக்கும். புதியது கரிக்காது. அரத்து வெட்டை ராவி அழித்துவிடலாம், சாயம் பூசி மறைக்கலாம். உப்பை மறைக்க முடியுமா? அதன்பிறகு அந்த வண்டி பட்டறையிலிருந்து வந்தால், யாரும் பார்க்காத நேரத்தில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, முதலாளியைத் தவிர.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். ஒரு வியாழக்கிழமை மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய பட்டை ஒடிந்தது. வண்டி இடது பக்கம் சாய்ந்து கடவங்கள் சாலையில் கொட்டின. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே மரக்கட்டை வைத்துக் கயிற்றால் கட்டி, காலி வண்டியாக மெல்ல ஓட்டிக்கொண்டு கொட்டாரத்துக்குப் போனோம். அங்கே அய்யாக்குட்டி மேஸ்திரி என்று ஒருவர். 'மேசிரி' என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது மூத்திருப்பார். நெற்றியில் வெள்ளை நாமம். பதி என்று அவர்கள் சொல்லும் கோயிலில் அய்யாவைக் கும்பிடுகிறவர். மாட்டுவண்டிக்கு அச்சு அடித்துக்கொண்டிருந்தவர், மோட்டார் வந்தபிறகு மோட்டாருக்கும் அடிக்க ஆரம்பித்திருந்தார். அவரிடம் வேலைக்கு நாங்கள் போவது அதுதான் முதல் தடவை.

"மெட்ராசிலேருந்து பட்டை வர மூணு வாரமாவும். நான் புது உருக்கில அடிச்சுத் தாறேன். சனிக்கிழம வாரும்," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். வண்டி தயாராக நின்றது. மேசிரி பத்தடி தள்ளி நின்று சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். பழைய பட்டையில் நான் வைத்திருந்த அரத்து வெட்டு கண்ணின் விளிம்பில் இருந்தது. அதே இடத்தில் இப்போது வெட்டு இல்லை. ஆனால் அரம் ஓடிய பளபளப்பு இருந்தது. கண்ணின் மடிப்புக்குள் லேசாக வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நன்றாகக் கரித்தது.

ஒடிந்த பட்டையை உலையில் வைத்து ஒட்டி அடித்து, என் வெட்டை அரத்தால் ராவிவிட்டு, அதையே மறுபடி மாட்டியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. ஒட்டுப் போட்ட பட்டை எந்த நேரத்திலும் விட்டுப்போகும்.

"பழைய பட்டை?" என்று கேட்டேன்.

"உப்பளத்துக்காரன் ஒருத்தன் மண்வெட்டிக்குன்னு கேட்டான். குடுத்தேன். புதுசு நல்லா அமைஞ்சிருக்கு. ஒரு வாரம் பைய ஓட்டச் சொல்லும்."

"ம்" என்றேன். உப்பு எப்படி வந்தது, அரம் ஏன் போட்டீர் என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. நக்கிப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் போக, கேட்க வேண்டிய தேவையே இல்லை என்று எனக்குள் இருந்த கர்வம் சொன்னது. டிரைவர் காலி வண்டியைக் கடியப்பட்டணத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அந்த வண்டி தங்குவது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கொட்டாரம் போகிற வேறொருவர் வண்டியில் உடனே ஆள் அனுப்பினார். "நாளைக்குக் காலம்பற கடியப்பட்டணத்துக்கு வரச் சொல்லு. வண்டியில ஏறுகவங்க எல்லாரும் நிக்கும்போது கேக்கேன். நாலுபேரு கேக்கட்டும்," என்றார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் மேசிரியை நினைத்து அல்ல. நாலு பேர் முன்னால் நானும் நிற்க வேண்டுமே என்றுதான்.

திங்கட்கிழமை திங்கள்சந்தையில் பெரிய சந்தை. கடியப்பட்டணத்தில் வண்டியைச் சுற்றி முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். கடவங்கள் மணலில் வரிசையாக இருந்தன. முதலாளி தன் காரிலிருந்து இறங்கி நின்றார். மேசிரி கொட்டாரத்திலிருந்து சைக்கிளில் வந்தார். விடியும் முன்பே கிளம்பியிருக்க வேண்டும். முழங்கால் வரை செம்மண். நெற்றி நாமம் வேர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது.

"என்ன மேசிரி, ஒட்டுப் போட்ட பட்டைக்குப் புதுப் பட்டைன்னு பேரு வச்சா அது புதுசாயிருமா?" என்று முதலாளி ஆரம்பித்தார்.

"ஒட்டுப் போட்டதுன்னு யாரு சொன்னா?"

முதலாளி மோவாயால் என்னைக் காட்டினார். மணல் வாய் திறந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

மேசிரி என்னையே பார்த்தார். "அன்னைக்கு நீரு ஒண்ணும் சொல்லலியே ஓய். 'ம்'முன்னுதானே சொன்னேரு?"

"அவன் எப்பிடிச் சொல்லுவான்? நக்கிப் பாத்திருக்கான். பட்டை கரிக்குது. பழசு!" என்றார் முதலாளி.

கூட்டம் சிரித்த சிரிப்பு கடலுக்கே கேட்டிருக்கும். "ஏட்டி, பஸ்சை நக்கினாராம்! வீட்டுல கஞ்சி ஊத்தலியாக்கும்!" என்று ஒருத்தி கத்தினாள்.

மேசிரி சிரிக்கவில்லை. "உப்பு இருக்கும். நான் உப்பளத்துத் தண்ணியிலயாக்கும் முக்கினேன். பழுத்த இரும்ப வெறும் தண்ணியில முக்கினா ஆவி ஒட்டிக்கிடும். ஒரு எடம் ஆறும், ஒரு எடம் ஆறாது. அளத்துத் தண்ணியில ஒண்ணுபோல ஆறும். பெறவு புன்னைக்கா எண்ணெ தடவி, அது எரிஞ்சு அடங்குகது வரைக்கும் அனல்ல காட்டிப் பதம் எறக்கினேன்."

"அரம் போட்டது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கண்ணு விளிம்புல பிசிறு இருந்தா ஆணியத் தின்னுரும். நான் எல்லாப் பட்டைக்கும் போடுவேன்."

"எல்லாத்துக்கும் பதில் கையில இருக்கே!" என்றார் முதலாளி. "பதியில வந்து சத்தியம் பண்ணுவீரா?"

"ஒரு துண்டு இரும்புக்காக அய்யாவ இழுக்கமாட்டேன் முதலாளி. இரும்புகிட்டயே கேளுங்க. கழத்துங்க, சம்மட்டி தாருங்க, நானே உடைக்கேன். உள்ள ஒட்டு இருந்தா இன்னைக்கே பட்டறையப் பூட்டுகேன். என்னைத் தேடி வருகதே நாலு வண்டிதான். இந்தப் பேச்சு திங்கள்சந்தைக்குப் போச்சுன்னா நாளைக்கு அந்த நாலும் வராது. பூட்டுகது எப்பிடியும் பூட்டுகதுதான்."

ஒட்டு இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அப்போது நல்ல பட்டை ஒன்று வீணாகியிருக்கும். வண்டி இன்னும் மூன்று நாள் நிற்கும். அன்றைய சந்தையும் போகும். உடைக்காமல் ஓட்டினால், ஒருவேளை என் சந்தேகம் சரியாக இருந்தால், வழியில் இருக்கிற ஆற்றங்கரை இறக்கத்தில் முப்பது பேரோடு வண்டி கவிழும். கூட்டத்தில் ஆண்கள் சிலர் "ஒட்டுப் பட்டையில நாங்க ஏறமாட்டோம்" என்று விலகி நின்றார்கள். அவசரமாகச் சந்தைக்குப் போக வேண்டியவர்கள் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் சூசையம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். உப்பு மீன் வியாபாரம். அந்த வண்டியில் அவர் குரல்தான் ஹாரனுக்கு அடுத்தபடி.

"கரிக்குதுன்னு சொன்னியே மக்கா, எந்த உப்புன்னு பாத்தியா?"

"உப்பு உப்புதானே அக்கா?"

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். "கேட்டியளாட்டி! உப்பு உப்புதானாம்! இவனுக்குச் சோறு பொங்கிப் போடுகவ பாக்கியசாலி, என்னத்தப் போட்டாலும் தின்னுருவான்!"

அக்கா சக்கரத்தருகே குந்தி, பட்டையின் கண்ணை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். துப்பினார். "இதுல மீனு இல்ல," என்றார்.

"நீ சொல்லத்தான் செய்வ. உனக்கு உன் கடவம் சந்தைக்குப் போவணும்," என்றார் முதலாளி.

அது நியாயமான பேச்சுதான். மேசிரி தலை குனிந்து நின்றார். எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. சோதித்துச் சோதித்துப் பழகியவன் இல்லையா.

"அக்கா கண்ணக் கட்டிப் பாக்கலாம்," என்றேன்.

ஒரு பெண் சூசையம்மா அக்காவின் கண்களை முந்தானையால் கட்டினாள். நான் நாலு ஓலைத் துண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றில், பெரிய பட்டைக்கு அடியில் இருந்த இரண்டாம் பட்டையைச் சுரண்டி வைத்தேன். அது வருஷக்கணக்காக மீன்தண்ணி குடித்த பழைய பட்டை. இன்னொன்றில், கரையில் கிடந்த ஒரு வள்ளத்து நங்கூரத்தைச் சுரண்டினேன். மூன்றாவதில் பெரிய பட்டை. நாலாவதிலும் அதே பெரிய பட்டைதான், மறுமுனைக் கண்ணிலிருந்து. எது எது என்று எனக்கு மட்டும் தெரியும். முதலாளியைக்கூடத் திரும்பி நிற்கச் சொன்னேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

முதல் ஓலையை நீட்டினேன்.

"தூ! இது நம்ம கடவத்துத் தண்ணி. நாக்குல வழுக்குது பாரு, சாளைமீனு நெய்யி. வருசக்கணக்கா ஊறினது."

அக்கா வாயைக் கொப்பளித்தார். இரண்டாவது.

"கடலு. நுனியில கரிச்சு அடியில கசக்குது. பச்சைக் கடல்தண்ணி காஞ்சது."

மூன்றாவதை நாக்கில் வைத்தவர் துப்பாமல் வாய்க்குள் புரட்டினார். அலை வந்து போனது. "இது அளம். நான் மீனுக்கு வாங்குகேனே, தெக்க அளத்துல, அந்த ருசி. கடல்தண்ணி கட்டி முறுகி நிக்கும்லா, அந்தத் தண்ணி. எண்ணெ எரிஞ்ச கரி கொஞ்சம் இருக்கு. இரும்பு புதுசு மக்கா. கையில முள்ளு குத்தி வாயில வச்சா இருக்கும்லா, அப்பிடி இருக்கு. மீனு இதைத் தொட்டதே இல்ல."

நாலாவதை வைத்ததும் உடனே துப்பினார். "இது முன்ன தந்ததுதானே? என்ன, ஏமாத்தப் பாக்கியா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நடந்து போக ஆரம்பித்தவர்களில் பின்னால் இருந்த இரண்டு பேர் திரும்பி வந்து நின்றார்கள். அந்தப் பெண் ஏழு வயதிலிருந்து மீனுக்கு உப்பிடுகிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உப்பு ஒரு பிடி குறைந்தால் ஒரு கடவம் போய்விடும். அதனால் ஒவ்வொரு கடவத்தையும் நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்து வந்தவர். எனக்கு உப்பு என்று ஒன்றே ஒன்றுதான் தெரியும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் பட்டறையைப் பூட்டப் பார்த்தேன். அக்காவின் நாக்கிலோ கடல் தனி, அளம் தனி, சாளை தனி. ஆலயத்தில் பெரிய மணி அடிக்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று அதிருமே, அன்று அந்தக் கரையில் எனக்கு அப்படி இருந்தது.

முதலாளி திரும்பினார். அக்கா சொன்னது நாலும் சரி என்று நான் தலையசைத்தேன். அவர் மேசிரியைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தார். டிரைவர்தான் பேசினார். "புதுசு. செரி. புதுசுன்னா ஒடியாதா? உப்புத் தண்ணியில முக்கின இரும்பு வெடிக்கும்னு கேட்டிருக்கேன்."

அந்தக் கேள்வியும் நியாயம்தான். பட்டை பழையது அல்ல என்று நாக்கு சொல்லிவிட்டது. அது தாங்குமா என்று நாக்கு சொல்லாது. முதலாளி என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. ஓடலாமா, கூடாதா?"

சனிக்கிழமையே கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன். "மேசிரி, நீரு என்ன சொல்லுகேரு?"

"நான் அந்தச் சக்கரத்துக்கு மேல இருந்து வாறேன்," என்றார்.

"நானும் வாறேன்," என்றேன். பிறகு டிரைவரிடம், கடவங்களை எல்லாம் ஏற்றவும் ஆட்கள் ஆற்றங்கரை இறக்கம் வரை நடந்து வரவும் சொன்னேன். பாரம் ஏற வேண்டும், உயிர் ஏறக் கூடாது. அந்த இறக்கத்தைத் தாண்டிவிட்டால் பட்டை தாங்கும் என்று அர்த்தம். அதைவிட மோசமான இடம் தக்கலை வரை கிடையாது. என் தீர்மானம் முழுக்கச் சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டிரைவரின் உயிரும் உயிர்தானே. அவரிடம் கேட்டேன். "நீங்க ரெண்டுபேரும் பின்னால இருந்தா நான் ஓட்டுகேன்," என்றார்.

கடவங்கள் ஏறின. வழக்கத்தைவிட அதிகம். மேசிரியும் நானும் இடது பின் சக்கரத்துக்கு மேலே பலகைத் தரையில் உட்கார்ந்தோம். கதவைச் சாத்தப் போகும்போது சூசையம்மா அக்கா உள்ளே ஏறினார்.

"அக்கா, நீங்க நடந்து..."

"என் நாக்கு சொன்னதுக்கு நான் நடக்கவா? தள்ளி இரி."

வண்டி கிளம்பியது. ஆற்றங்கரை இறக்கத்தில் மழைத்தண்ணி அரித்து சாலையின் இடது ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. டிரைவர் விலக்கத்தான் பார்த்தார். எதிரே ஒரு மாட்டுவண்டி ஏறி வந்தது. வேறு வழியில்லாமல் இடது பக்கம் திருப்பினார். எங்கள் சக்கரம் அந்தப் பள்ளத்தில் முழுசாக இறங்கியது.

தரை எங்கள் அடியிலிருந்து விலகிப் போவதுபோல் இருந்தது. கடவங்கள் எல்லாம் எங்கள் பக்கம் சரிந்தன. அக்கா "சேசுவே!" என்றார். பட்டை வளைந்து, நிமிர்ந்து, மறுபக்கம் வளையும் அளவுக்குப் படுத்தது. அது படுப்பது என் தொடையெலும்பில் தெரிந்தது. அந்த ஒரு நொடியில் நான் எதிர்பார்த்தது ஒரு 'டக்' என்ற சத்தம். அதற்காகவே காது திறந்திருந்தது. மேசிரி உள்ளங்கையைப் பலகையில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சத்தம் வரவில்லை. படுத்த யானை எழுந்திருப்பதுபோல், அவசரமே இல்லாமல், அது எழுந்தது. எங்கள் மூன்று பேரையும், அத்தனை கடவங்களையும், அவ்வளவு பெரிய வண்டியின் ஒரு மூலையையும் மெதுவாகத் தூக்கி மேலே வைத்தது. ஒரு அசைவு. இன்னொரு சின்ன அசைவு. பிறகு நின்றது.

எத்தனையோ ஸ்பிரிங்கைக் கையால் தொட்டிருக்கிறேன். நக்கிக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது என்ன செய்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று நாளைக்கு முன்னால் வெறும் உருக்குத் துண்டு. ஒருவர் அதைப் பழுக்கக் காய்ச்சினார், உப்பு விளைகிற தண்ணீரில் முக்கினார், எண்ணெயை எரித்துப் பதம் பார்த்தார். அதற்குள் இவ்வளவு பொறுமை எப்படிப் போய் உட்கார்ந்தது? வளைவதற்கும் தெரிகிறது, திரும்புவதற்கும் தெரிகிறது. மேசிரி கண்ணைத் திறந்து, "ஒரு நூல் கூடுதலா வளையுது. அடுத்த தடவ கொஞ்சம் இறுக்கணும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இறக்கத்துக்குக் கீழே ஆட்கள் ஏறிக்கொண்டார்கள். ஒருவர்கூடப் பாக்கி நிற்கவில்லை.

திங்கள்சந்தைக்குப் போனபோதுதான் தெரிந்தது, பேச்சு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. காலையில் நடந்து கிளம்பியவர்கள் குறுக்கு வழியாக வந்து சொல்லியிருக்கிறார்கள். வேறு இரண்டு வண்டிகள் அங்கே நின்றன. அவற்றில் ஒன்று மேசிரியிடம் வேலைக்குப் போகிற வண்டி. அதன் டிரைவர், மேசிரி இறங்குவதைப் பார்த்து, "ஓய், ஒட்டுப் பட்டைக்காரரே! எங்க வண்டியில என்னத்த ஒட்டி வச்சிருக்கேரு?" என்று உரக்கக் கேட்டார். சந்தை சிரித்தது.

மேசிரி கூரைமேல் கட்டியிருந்த தன் சைக்கிளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் கார் நேரே தக்கலைக்குப் போயிருந்தது. அவர் மட்டில் விஷயம் முடிந்துவிட்டது. வண்டி ஓடுகிறது, அவ்வளவுதானே. நானும் இறங்கி, சத்தமில்லாமல் மேசிரி பக்கத்தில் போய், அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்கே எனக்கு அரைநாள் தைரியம் சேர்க்க வேண்டும்.

ஆனால் அவர் காதில் மட்டும் சொல்லி என்ன ஆகும்? நான் முதலாளி காதில் மட்டும்தான் சொன்னேன். அது சந்தை வரை வந்துவிட்டது. அதைத் திருத்துகிற சொல் தானாக நடந்து வராது.

பஸ்ஸின் படிக்கட்டில் ஏறி நின்றேன். "கேளுங்க," என்றேன். பக்கத்தில் கோழி வைத்திருந்தவர் மட்டும் திரும்பினார். "கேளுங்க! பட்டை புதுசு. மேசிரி அடிச்ச புதுப் பட்டை. ஒட்டு இல்ல. ஒட்டுன்னு சொன்னது நானாக்கும். நான் சொன்னது தப்பு."

முன்னால் நின்ற பத்துப் பேருக்குக் கேட்டிருக்கும். அந்த டிரைவர் காதில் கையை வைத்து, "என்னதுவே?" என்றார். இறங்கிவிடலாம் என்று காலை எடுத்தேன்.

கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த சூசையம்மா அக்கா கீழேயிருந்து என்னைப் பார்த்தார். "எடுத்த கால அங்கனயே வையி மக்கா. கோழிக்காரனுக்குக் கேட்டா போருமா? மாட்டுச்சந்தை வரைக்கும் கேக்கண்டாமா? ஒனக்கு என்ன, தொண்டையில மீன்முள்ளா?"

மேசிரி சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். போகவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

நான் காலைத் திரும்ப வைத்தேன். கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, முதலிலிருந்து மறுபடி சொன்னேன். மாட்டுச்சந்தைப் பக்கத்திலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்க்கும் வரை சொன்னேன்.